இறைச்சியார் வராத ஞாயிற்றுக்கிழமை

முன்பு ஒரு காலத்தில், புதுச்சேரியில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு வீட்டின் சமையலறைப் பரணில், ஒரு பானை ஏங்கிக்கொண்டு கிடந்தது.

அது நம்மூர்ப் பானை இல்லை. பிரான்ஸ் தேசத்தில் அல்சாஸ் என்ற சீமையில் பிறந்தது. முட்டை வடிவம், கனத்த மண் உடம்பு, வயிற்றில் நீலப் பூக்கள். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த அமலோர் ஓய்வுபெற்று ஊர் திரும்பியபோது, கம்பளிச் சட்டைகளுக்கு நடுவே சுற்றி அதைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். கூடவே ஒரு மூடியும் வந்தது. பானை சும்மா இருந்தாலும் மூடி சும்மா இராது. இரண்டும் ஒத்துப்போனதும் கிடையாது, ஒரு நாள் பிரிந்திருந்ததும் கிடையாது. குடும்பம் என்றால் அப்படித்தானே.

அந்தப் பானையில் ஒரே ஒரு பண்டம்தான் வேகும். பெக்கோஃப் என்று பெயர். மாடு, ஆடு, பன்றி மூன்றின் இறைச்சியையும் ஒயினில் ஊறவைப்பார்கள். அடியில் உருளைக்கிழங்கு, நடுவில் இறைச்சி, மேலே மறுபடியும் உருளைக்கிழங்கு என்று அடுக்குவார்கள். பிறகு மூடியைப் போட்டு, விளிம்பைச் சுற்றி மாவு பூசி அடைத்துவிடுவார்கள். அல்சாஸில் பெண்கள் அந்தப் பானையை ரொட்டிக் கடை அடுப்பில் விட்டுவிட்டுத் துணி துவைக்கப் போவார்களாம். அமலோருக்குத் துணி துவைக்கிற வேலை இல்லை. ஆனாலும் ரொட்டிக் கடைப் பழக்கத்தை விடவில்லை. ஞாயிறு காலை தெருமுனைக் கடையில் ரொட்டிகளை எடுத்து முடித்ததும், தணிந்து கிடக்கும் விறகடுப்புக்குள் பானையைத் தள்ளிவிட்டு மாதா கோயில் பூசைக்குப் போவார். மத்தியானம் பானை மேசைக்கு வரும். காய்ந்து இறுகிய மாவைக் கரண்டிக் காம்பால் தட்டி உடைக்கிற உரிமை மகள் ஒதீலுக்கு மட்டும்தான். டக், டக், டக். மூன்றாவது தட்டில் மாவு விரியும். வீடே மணக்கும்.

மூன்று இறைச்சியும் பானைக்கு ஒரே ஆள்தான். மரியாதையாக 'இறைச்சியார்' என்று கூப்பிடும். மரியாதைக்கு ஏற்ற ஆசாமியாக அவர் நடந்துகொண்டதில்லை. உள்ளே வரும்போதே விறைத்துக்கொண்டு வருவார். உருளைக்கிழங்கு, "வாங்கய்யா, சௌக்கியமா?" என்று கேட்டாலும் பதில் வராது. வெகுநேரம் முறைத்துக்கொண்டே கிடப்பார். அப்புறம் ஒரு பெருமூச்சு விடுவார். அதற்கும் வெகுநேரம் கழித்து, எல்லோரும் அவரை மறந்துவிட்ட சமயம் பார்த்து, நார் நாராகத் தளர்ந்து கொடுப்பார். அப்போது ஒரு சின்னச் சத்தம் கேட்கும். பானையைத் தவிர வேறு யாருக்கும் அது கேட்காது. அந்தச் சத்தத்துக்காகத்தான் பானை அத்தனை சூட்டையும் பொறுத்துக்கொண்டது.

ஒதீல் படித்து, பிரான்சில் லியோன் நகரத்தில் வேலைக்குப் போனாள். ஒரு கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவள், மாவை உடைத்துவிட்டு, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"பப்பா, நான் இப்ப கறி சாப்பிடறதில்ல. முட்ட, பாலு எதுவும் தொடறதில்ல. எனக்கு ரொட்டி மட்டும் போதும்."

அமலோரின் முகம் இறுகியது. "இந்த வீட்டு பெக்கோஃபைத் தொடாதவளுக்கு இந்த வீட்டு மேசையில தட்டு கிடையாது" என்றார்.

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு, பானை ஆறுவதற்குள் கிளம்பிவிட்டாள். அன்று அமலோரும் சாப்பிடவில்லை. அவர் மனைவி பிலோமின் பானையைக் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றினாள். அப்புறம் இறக்கவே இல்லை.

பானைக்கு மனிதர்கள் சண்டை புரியவில்லை. இறைச்சியார் வரவில்லை என்பது மட்டும் புரிந்தது. வருஷக்கணக்காக அதையே நினைத்துக்கொண்டு கிடந்தது.

"அவர் வருவாரா?" என்று மூடியைக் கேட்கும்.

"நேற்றுதானே கேட்டாய்?" என்று மூடி சிடுசிடுக்கும்.

"இன்றைக்கும் கேட்கத் தோன்றுகிறது."

மாசி மாதத்தில் ஒருநாள், பரணில் ஏணி சாய்ந்தது. அமலோரின் கை பானையைத் தொட்டது. தலை நரைத்திருந்தது, கை தளர்ந்திருந்தது. ஆனாலும் பிடி பழைய பிடிதான். பானைக்குத் தலைகால் புரியவில்லை.

"வரப்போகிறார்! நான் சொன்னேன் இல்லையா?"

கீழே பிலோமின் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "வேல விசயமா இந்தப் பக்கம் வந்தவ, ஞாயித்துக்கெழம மத்தியானம் ஒரு வேள சாப்பாட்டுக்கு வர்றா. வந்து, சாப்ட்டு, அப்படியே ஏர்போர்ட் போறா. அதுக்கு எதுக்குங்க இந்தப் பானைய எறக்கறீங்க? அவதான் கறி தொட மாட்டாளே."

"கறி இல்லாம செய்யப் போறேன்."

"பெக்கோஃபா?"

"ஆமா."

பிலோமின் கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒடம்பு நல்லாத்தான இருக்கு உங்களுக்கு?"

பானைக்கோ நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. இறைச்சியார் இல்லாத பெக்கோஃப்! மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணமா?

சனிக்கிழமை ஒத்திகை நடந்தது. அமலோர் சந்தையிலிருந்து பிஞ்சுப் பலாக்காய் வாங்கிவந்தார். அதை இறைச்சித் துண்டு போலவே சதுரம் சதுரமாக வெட்டி, பிரிந்துவிடாமல் நூல் கட்டி, ஒயினில் ஊறப்போட்டு, நடு அடுக்கில் வைத்தார். மாவு பூசி மூடி, இறைச்சிக்குக் கொடுக்கிற அதே நேரத்தையும் கொடுத்தார். பட்டாளத்து மனுஷர் இல்லையா, ஒரு நிமிஷம் குறைக்கவில்லை.

உள்ளே பலாக்காய் தொண்டையைச் செருமிக்கொண்டது. "நான்தான் இறைச்சியார்."

"ஓகோ" என்றது பானை. "எங்கே, முறைத்துக் காட்டு பார்க்கலாம்."

பலாக்காய் முறைத்தது. பாவம், அதற்கு அந்த முகமே வரவில்லை.

"பெருமூச்சு விடு."

பலாக்காய் விட்டது. விட்ட மூச்சோடு அதன் பாதி உடம்பும் கரைந்துபோனது. உருளைக்கிழங்கு பதறியது. "ஐயோ, இவர் கரைகிறார். என்னையும் சேர்த்து இழுக்கிறார். நானும் போகிறேன், நானும்..." அதற்குமேல் அதற்குப் பேச வாய் இல்லை.

மாவை உடைத்துத் திறந்தபோது உள்ளே கூழ் இருந்தது. கூழுக்கு நடுவே நூல் மட்டும் அழகாக, கட்டின கட்டு அவிழாமல் கிடந்தது.

"இத எதுல ஊத்திக் குடுக்கறது? டம்ளர்லயா?" என்றாள் பிலோமின்.

பானைக்கு உள்ளூரக் குஷி. வேண்டும், நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டது. ஆனால் அமலோர் திட்டவில்லை, கத்தவில்லை. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நல்லா வரும்னு நெனச்சேன் பிலோ" என்றார். "பழைய மாதிரியே மேசையில வச்சா, பழைய மாதிரியே வந்து உக்காந்துக்குவான்னு நெனச்சேன்."

பிலோமின் அதற்குமேல் கேலி செய்யவில்லை. பானையின் குஷியும் அங்கேயே வற்றிப்போனது. இந்த வீட்டில் ஏங்கிக்கொண்டிருந்தது தான் மட்டுமே என்று அது இத்தனை நாளும் நினைத்திருந்தது.

கழுவுவதற்குமுன், அடியில் ஒட்டியிருந்த பலாக்காயின் கடைசித் துண்டு மெதுவாகச் சொன்னது. "என்னைப் பலாக்காயாகப் போட்டிருந்தால் நான் பலாக்காயாக இருந்திருப்பேன். இன்னொருவர் சட்டையை மாட்டிவிட்டு, ஏன் அவராக இல்லை என்று கேட்டால் நான் எங்கே போவேன்?"

"நான் உன்னைக் கேலி செய்திருக்கக் கூடாது" என்றது பானை.

"நீ கேலி செய்தது பரவாயில்லை. என்னைக் கடைசிவரை பார்க்கவே இல்லையே, அதுதான்."

பானை பதில் சொல்வதற்குள் தண்ணீர் விழுந்துவிட்டது.

ஞாயிறு காலை. அமலோர் அடியில் உருளைக்கிழங்கை அடுக்கினார். ஆட்டுக்கொழுப்பு தடவ வேண்டிய இடத்தில் நல்லெண்ணெய் தடவினார். நடு அடுக்குக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. வெறும் இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிலோ" என்று கூப்பிட்டார். "அவளுக்கு என்னா புடிக்கும்?"

பிலோமின் ரொட்டி நறுக்குவதை நிறுத்தினாள். "இத நீங்க இப்பத்தான் கேக்கறீங்க."

"சொல்லேன்."

"மொச்சைன்னா உசிரு அவளுக்கு. நீங்கதான் அந்த வாசனையே வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னுட்டீங்க. நீங்க வெளியூர் போன நாள்ல நானும் அவளும் வேக வச்சு தின்னுட்டு, ஜன்னலத் தொறந்து வச்சிருவோம்." கத்தியால் ஒரு பக்கம் காட்டினாள். "நேத்து சாயங்காலமே ஊறப் போட்டுட்டேன். அதோ, மூலையில இருக்கு."

அமலோர் மொச்சைப் பாத்திரத்தை எடுத்தார். நடு அடுக்கில் மொச்சை இறங்கியது. கூடவே சேனைக்கிழங்கு, காளான், பூண்டு. ஒரு கை பலாக்காயும் விழுந்தது, இந்தத் தடவை நூல் இல்லாமல், தன் இஷ்டத்துக்கு. மேலே உருளைக்கிழங்கு. கடைசியாக ஒயின்.

அப்புறம் அவருக்குப் பயம் வந்துவிட்டது. கறி இல்லை. இருக்கிற வாசனையாவது உள்ளே நிற்கட்டும் என்று மாவை ஒரு சுற்று பூசினார். திருப்திப்படாமல் இன்னொரு சுற்று பூசினார். அதற்குமேல் ஒரு சுற்று.

"மூச்சு முட்டுகிறது" என்றது மூடி.

ரொட்டிக் கடை அடுப்பில் பானையை இறைச்சிக்கு விடுகிற நேரத்தில் பாதிதான் விட்டார். நேற்றைய கூழ் அவருக்கு அவ்வளவாவது சொல்லிக்கொடுத்திருந்தது. பானை துணி சுற்றி மேசைக்கு வந்தபோது, வாசலில் டாக்சி நின்றது.

ஒதீல் உள்ளே வந்தாள். முகத்தில் சாயல் அதே சாயல், ஆனால் தலையில் அங்கங்கே வெள்ளி. அம்மாவின் கன்னத்தில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று முத்தம் கொடுத்தாள். அப்பாவிடம் திரும்பினாள். அமலோர் விருந்தாளிக்கு நீட்டுவதுபோல் கையை நீட்டிவிட்டார். நீட்டியபிறகு மடக்கவும் தெரியவில்லை. அவள் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"வெளிய டாக்சி நிக்குது பப்பா. சாப்ட்டதும் கெளம்பணும்."

"சரி, சரி."

அப்போதுதான் அவள் கண் பானைமேல் விழுந்தது.

"கறி இல்ல" என்றார் அமலோர் அவசரமாக. "வெண்ண இல்ல, முட்ட இல்ல. நல்லெண்ணதான்."

பிலோமின் கரண்டியை நீட்டினாள். ஒதீல் வாங்கி, கரண்டியைத் திருப்பிப் பிடித்து, காம்பால் தட்டினாள்.

டக். டக். டக்.

அந்தத் தட்டு மண்ணுக்குள் இறங்கியதும் பானைக்கு உடம்பு சிலிர்த்தது. இதற்கும்தான் இத்தனை வருஷம் ஏங்கினோமா? இறைச்சியாரை நினைத்த ஒவ்வொரு தடவையும் இந்தச் சத்தமும் கூடவே வந்து நின்றதே, அதை ஏன் கவனிக்கவில்லை? திறந்தால் சாப்பிடுவாள். சாப்பிட்டால் கிளம்பிவிடுவாள். பானை பல்லைக் கடித்துக்கொண்டு மாவை இறுகப் பிடித்தது.

"விடு" என்றது மூடி.

"மாட்டேன்."

"இறைச்சியார் வரவில்லை என்ற வீம்பா?"

"அவள் போய்விடுவாள்."

"நாங்கள் வெந்தாயிற்று!" என்று உள்ளிருந்து உருளைக்கிழங்கு குரல் கொடுத்தது.

"அடுப்பைவிட்டு வந்தாச்சு, இனிமேல் கரைய மாட்டோம்" என்று மொச்சை சமாதானம் சொன்னது. "கொஞ்சம் ஊறுவோமே. எனக்கு ஊறிப் பழக்கம்தான்."

ஒதீல் மறுபடி தட்டினாள். அமலோர் கத்தியால் கீறிப்பார்த்தார். பலிக்கவில்லை.

"செவுத்துக்கு சிமெண்ட் பூசற மாதிரி பூசியிருக்கீங்களே!" என்றாள் பிலோமின்.

"வாசன போயிடுமோன்னு..." அமலோரின் முகம் சிவந்தது. அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "தள்ளு, ஒடைச்சிடறேன். அவளுக்கு நேரமாவுதில்ல."

ஒதீல் அவர் கையைப் பிடித்தாள். "வேணாம் பப்பா, பானை போயிடும்."

"போனா போவட்டும்."

"போக வேணாம்."

பிலோமின் ஈரத்துணியைக் கொண்டுவந்து விளிம்பைச் சுற்றிப் போட்டாள். "ஊறட்டும். அதுவா விட்டுக் குடுக்கும்."

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ஒதீல் வெளியே போய் டிரைவரைச் சாப்பிட்டு வரச் சொல்லிவிட்டு வந்தாள்.

"லியோன்ல குளிரா?" என்றார் அமலோர்.

"ம்."

"வேல?"

"போவுது."

அதோடு பேச்சு தீர்ந்தது. அமலோர் விறைத்துக்கொண்டு மேசையைப் பார்த்தபடி இருந்தார். மின்விசிறி சுற்றியது. பிலோமின் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, துணியை எடுத்து நனைத்து மறுபடி போட்டாள். இந்த மௌனத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று பானை யோசித்தது. வெகுநேரம் கழித்து அமலோர் ஒரு பெருமூச்சு விட்டார்.

வாசலில் டாக்சி ஹாரன் அடித்தது. ஒதீல் எழுந்தாள். "மம்மா, நான் வேணா ஒரு துண்டு ரொட்டி..."

"ஒதீல்" என்றார் அமலோர். தலை நிமிரவில்லை. "உன் தட்டு அலமாரியிலதான் இருக்கு. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம எடுத்துத் தொடச்சு வைக்கறேன்."

பிலோமின் திரும்பிப் பார்த்தாள். அது அவளுக்கே தெரியாது.

"கறியப் பத்தி பேசறதா நெனச்சுகினு உன்னையே வேணாம்னு சொல்லிட்டேம்மா. நான் சொன்னது தப்பு. அன்னிலேருந்து எனக்கு ஒழுங்கா ஒரு வாய் எறங்கல. நீ என்னா சாப்புடறியோ அதையே நானும் சாப்புடறேன். நீ வந்து உக்காந்தா போதும் எனக்கு." குரல் பாதியில் உடைந்தது. சேர்த்துப் பிடிக்கப் பார்த்தார். மறுபடி உடைந்தது. அப்புறம் அவர் பிடிக்க முயலவில்லை.

அந்தச் சின்னச் சத்தம் பானைக்குக் கேட்டது.

"நானுந்தான் பப்பா" என்றாள் ஒதீல். "அங்க ஞாயித்துக்கெழம ஆனா, எங்கயாவது ஒரு டக்கு சத்தம் கேட்டா, அப்படியே நின்னுடுவேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். வாசலுக்குப் போய் டிரைவரிடம், "நீங்க போங்கண்ணே. நாளைக்குத்தான் கெளம்பறேன்" என்றாள்.

பானை பிடியை விட்டது.

அவள் திரும்பி வந்து தட்டினாள். மூன்றாவது தட்டில் மாவு விரிந்தது. ஒயினும் பூண்டும் மொச்சையும் சேர்ந்த வாசனை எழும்பி வந்தது. உருளைக்கிழங்கு உருளைக்கிழங்காகவே இருந்தது, மொச்சை மொச்சையாக, பலாக்காய் பலாக்காயாக. ஆனால் ஒன்றின் சாறு ஒன்றில் ஏறியிருந்தது. அமலோர் அலமாரியிலிருந்து தட்டை எடுத்து வந்து வைத்தார்.

ஒதீல் ஒரு வாய் சாப்பிட்டாள். அமலோர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"அது மாதிரி இல்ல பப்பா" என்றாள்.

"இல்லதான்" என்றார் அவர்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க."

சாயங்காலம் பானையைக் கழுவித் துடைத்தார்கள். பரணில் ஏற்றவில்லை. அடுப்பு மேடையிலேயே கவிழ்த்து வைத்தார்கள். பக்கத்தில் படுத்திருந்த மூடிக்கு இரக்கம் வந்துவிட்டது.

"இறைச்சியார் கடைசிவரை வரவே இல்லையே" என்றது. "உனக்கு வருத்தமாக இருக்குமே?"

"யார் சொன்னது?" என்றது பானை. "வந்தார். விறைத்துக்கொண்டு கிடந்தார், பெருமூச்சு விட்டார், நார் நாராகத் தளர்ந்தார். இந்தத் தடவை எனக்கு வெளியே உட்கார்ந்து வெந்தார், அவ்வளவுதான்."